கம்பளிக்குள் உறைந்த கஜுத் தயிர்

தனுஜா லெபனானுக்குப் போன அன்று பின்னேரம் அவளுடைய ஒற்றையறைக் காம்பராவுக்குள் நுழைந்த மூடுபனி, அவள் திரும்பி வரும்வரை, ஒன்பது வருடம், வெளியே போகவே இல்லை. கல்வெட்டித் தேயிலைத் தோட்டத்தின் மேட்டுப் பிரிவான மேல்கணக்கில் மூடுபனி ஒரு புதுமை அல்ல. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஏறி வரும், லயத்து வரிசை வீடுகளில் கதவு திறந்து கிடந்தால் உள்ளே எட்டிப் பார்க்கும், அடுப்புப் புகையோடு சேர்ந்து கூரை இடுக்கு வழியாகப் போய்விடும். இது அப்படிப் போகிற ரகமாக இல்லை. வாசலில் சற்று நின்றது, உள்ளே வந்தது, பலகைக் கட்டிலில் சுவர்ப் பக்கமாக, தனுஜா படுக்கும் இடத்தில், ஓர் ஆள் அளவுக்கு நீண்டு படுத்துக்கொண்டது. அவளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த கணவன் ஜீவராஜ் தோள் துண்டை எடுத்து விசிறிப் பார்த்தான். துண்டு நனைந்ததுதான் மிச்சம். அன்றைக்கு அவன் கட்டிலின் மறு ஓரத்தில் படுத்தான், பிறகு எல்லா நாளும் அப்படியே படுத்தான்.

லயத்து ஆட்கள் முதல் மாதம் வந்து பார்த்தார்கள், அடுத்த மாதம் அறிவுரை சொன்னார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். பூசாரி சாம்பிராணி போட்டார்; புகை அந்தப் பனியைச் சுற்றிக்கொண்டு மரியாதையாக வெளியே போனது. வீட்டில் உப்பு கசிந்தது, தீக்குச்சி பற்றவில்லை, அதனால் ஜீவராஜ் தீப்பெட்டியைப் பக்கத்து வீட்டு மீனம்மாவிடம் கொடுத்து வைத்தான். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, ராணி என்ற தன் ஒரே பசுவைக் கறந்து, சேகரிக்கும் லொறிக்குப் பால் ஊற்றிவிட்டு, தேத்தண்ணியோடு கட்டிலில் உட்கார்ந்தால் பேச ஆள் வேண்டுமல்லவா? முதலில் திட்டினான். பிறகு கதை சொன்னான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கண்டாக்கு யாரை விரட்டினார், எந்த மலையில் கொழுந்து கருகியது, ராணிக்கு ஏன் காய்ச்சல், எல்லாம் சொன்னான். பனி நல்ல கேட்பாளி. குறுக்கே பேசாது, கொட்டாவி விடாது. வாட்ஸ்அப்பில் தனுஜா அழைத்தால் மட்டும் அவனுக்குப் பேச்சு வராது, சாப்பிட்டாயா என்பான், மழையா என்றால் மழை என்பான். திரையில் அவன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் வெள்ளையாகத் தெரிந்ததை, மனுசன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார் என்று நினைத்து அவள் அங்கே மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

கூரைத் தகரம் மாற்றவென்று போனவள், தகரம் மாறி, அதற்குப் பிறகு கதவும் மாறி, மாமியார் செத்து, ராணி பெற்ற கன்றுகள் பசுக்களாகிக் கைமாறிப் போன பிறகுதான் வந்தாள். சூட்கேசை இழுத்துக்கொண்டு காம்பராவுக்குள் நுழைந்ததும் தன் இடத்தில் யாரோ படுத்திருப்பதைக் கண்டாள். அவள் வந்ததும் அது எழுந்து போயிருக்க வேண்டும். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அது அசையவில்லை. ஜீவராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பழக்க தோஷத்தில் மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, மூன்றாவதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தானே குடித்தான். தனுஜா அடுப்புக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டாள். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி சூட்கேசைத் திறக்காமலே வைத்திருந்தாள்.

மறுநாள் விடியும்போதே அவன் ராணியின் பாலைக் காய்ச்சி, சீனி போட்டு, பெரிய கோப்பையில் கொண்டுவந்து நீட்டினான். அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியாததெல்லாம் அந்தக் கோப்பையில்தான் இருந்தது. அவள் குடித்தாள், குடித்த கையோடு ஓடிப்போய் வாசல் சாக்கடைக் கானில் வாந்தியெடுத்தாள். பெய்ரூத்தில் அவள் வேலை செய்த வீட்டு மேடம் நாதியா மாட்டுப் பாலையே வீட்டுக்குள் விடாதவள். அத்தனை வருடம் அந்த வீட்டுச் சாப்பாட்டில் இருந்த வயிறு ராணியை மறந்துவிட்டிருந்தது. இதை அவள் விளக்கிச் சொல்ல, அவன் தலையாட்டினான், காலிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனான். பின்னேரம் வந்து கட்டிலில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, "இன்னிக்கு பார்த்தியா..." என்று தொடங்கியவன், பாயில் தனுஜா இருப்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டான். அந்தப் பாதி வாக்கியம் அவளை அறுத்தது. பேச்சே வராத மனுசன் என்று நினைத்து மன்னித்து வைத்திருந்தவன், பேசக்கூடியவன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹட்டனில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் றோலண்ட் அந்த வாரமே போன் செய்தார். மேடம் திரும்ப அழைக்கிறாள், தைப்பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும், கடவுச்சீட்டைக் கொடுத்தால் போதும் என்றார். தனுஜா மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் தன் இடம் தனக்குத் திரும்பக் கிடைத்தால் இருப்பது, இல்லாவிட்டால் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவுகட்டிக்கொண்டாள். கூரை புதிதாக இருந்தது, கதவு புதிதாக இருந்தது, படுக்க மட்டும் இடம் இல்லை. எங்கே போய் முறையிடுவது?

இருக்கும்வரை சாப்பிட வேண்டுமே என்று, முந்திரிப்பருப்பை அரைத்து உறையவைக்கும் கஜுத் தயிர் போட உட்கார்ந்தாள். மேடம் நாதியாவின் வீட்டில் வாரம் தவறாமல் செய்த வேலை அது. கினிகத்தேனையில் வாங்கிய கஜுவைப் பொழுது சாயும்போது ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாக அலசி, அம்மியில் வைத்து விழுதாக அரைத்தாள். லயத்து மின்சாரத்துக்குக் கிரைண்டர் முனகுமே தவிரச் சுற்றாது. கை வலிக்க வலிக்க, விரலுக்கு நடுவில் ஒரு திப்பியும் தட்டுப்படாமல் போகும் வரைக்கும் அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சட்டியில் ஊற்றினாள். காய்ச்சக் கூடாது; பச்சையாகவே உறைய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். உறைக்கு, மேடம் தன் தயிரில் தோய்த்து நிழலில் உலர்த்திக் கொடுத்த ஒரு துணித் துண்டு இருந்தது. அதை உள்ளே போட்டு, மேலே மெல்லிய சீலையைக் கட்டி, மூலையில் வைத்தாள். மேடத்தின் சமையலறையில் வெயில் உட்கார்ந்திருக்கும். காலையில் வைத்தால் பொழுது இறங்க உறைந்துவிடும். இங்கே மார்கழிக் குளிர், போதாததற்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பனி. ஒரு நாள் போயிற்று, மறுநாளும் போயிற்று. சட்டியில் பால் பாலாகவே கிடந்தது.

அவளைவிட ஜீவராஜுக்குத்தான் அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. சின்ன வயதிலிருந்து மாடு வளர்த்தவன். பச்சைப் பாலில் உறை ஊற்றுவதை அவன் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அவனுக்குத் தெரிந்த உலகத்தில் பால் என்றால் பொங்க வேண்டும், ஆற வேண்டும், பிறகுதான் உறை. மேல்கணக்கில் குடிக்கிற தண்ணீரைக்கூடக் காய்ச்சாமல் குடிப்பவர் கிடையாது. பாவம், வெளிநாட்டிலிருந்து வந்தவள் காய்ச்ச மறந்துவிட்டாள் என்று நினைத்தான். அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பாலை அண்டாவில் ஊற்றி, ராணியின் பாலுக்குச் செய்கிற அத்தனை சிரத்தையோடும் காய்ச்சினான், துணித் துண்டோடு சேர்த்து. அது பொங்கவில்லை. இறுகிக் கூழாகி, பிறகு களியாகி, கரண்டியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. குடத்தோடு உள்ளே வந்த தனுஜா, கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள்.

உறை செத்துவிட்டது. அதுபோல் இன்னொரு துண்டு வேண்டுமானால் பெய்ரூத்துக்குத்தான் போக வேண்டும். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையையும் கொட்டினாள்.

"ஏங்க, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? வாய் இல்லையா ஒங்களுக்கு? அது கூட மட்டும் ஒன்பது வருசமா பேசியிருக்கீங்க!"

"பச்சப் பால உறை ஊத்தி வச்சிருக்கியே புள்ள. அதச் சாப்புட்டு ஒனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நா யாருகிட்ட போயி நிப்பேன்?"

அவள் திரும்பி வந்த பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான். கட்டிலில் கிடந்த பனி, புருசன் பெண்டாட்டி சண்டையில் அகப்பட்ட விருந்தாளியைப் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. களியை ராணிக்கு வைத்தார்கள். ராணி அதை ருசித்துத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள்.

சண்டைச் சத்தம் கேட்டு வந்த மீனம்மா விசயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "உறைமோரு இல்லாட்டி என்னா இப்ப? நாலு பச்ச மொளகாய காம்போட கிள்ளிப் போட்டு வையி. எல்லாம் அது பாட்டுக்கு உறையும். ஆனா சூடு வேணும் புள்ள. கோழி முட்டைக்கு கெடக்குற மாதிரி யாராச்சும் கெடக்கணும்."

தனுஜா மறுபடியும் கஜு ஊறப்போட்டாள், மறுபடியும் அரைத்தாள். இந்தத் தடவை ஜீவராஜ் பக்கத்தில் குந்தி, அம்மிக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தான். காய்ச்சட்டுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டான். மிளகாய்க் காம்புகளைப் பாலில் அமிழ்த்திச் சீலையைக் கட்டிய பிறகு எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அடுப்படி முதலில் சுடும், விடியப் போகும்போது சில்லிட்டுப் போகும். அவன், ராணியின் கன்று ஒன்று குளிரில் விறைத்தபோது தான் அதைக் கம்பளிக்குள் அணைத்துப் படுத்துக் காப்பாற்றியதைச் சொன்னான். அவள் கொழுந்து பறிக்கப் போன காலத்தில் மழைக்குப் போர்த்திய பழைய கம்பளி பெட்டிக்கடியில் இருந்தது. அதை எடுத்து உதறினான். சட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் சூடும் ஒரு பக்கம் குளிருமாக இருந்தால் தயிர் திரிந்து போகும். அப்படியானால் கட்டிலில்தான் வைக்க வேண்டும். கட்டிலில் பனி இருந்தது.

ஜீவராஜ் அதன் பக்கம் குனிந்து, "கொஞ்சம் நகந்துக்க. இவ படுக்கணும்" என்றான்.

அத்தனை வருடம் அதனிடம் அவன் எவ்வளவோ சொல்லியிருக்கிறான், இதை மட்டும் சொல்லியதில்லை. பனி நகர்ந்தது. நடுவில் கொஞ்சம் குவிந்து, சட்டியைச் சுற்றி அடங்கி இருந்தது. தனுஜா சுவர்ப் பக்கம் படுத்தாள். முதுகில் ஈரம் பட்டது. அவள் எழுந்து போகவில்லை. ஒரே கம்பளிக்கடியில் இருவரும் சட்டியை நடுவில் விட்டு, முட்டியால் அதைத் தாங்கி, அசையாமல் கிடந்தார்கள். திரும்பிப் படுத்தால் தயிர் அலுங்கும் என்பதால் ஒருவரையொருவர் பார்த்தபடியே தூங்க வேண்டியதாயிற்று. அதற்குத் தயிர்தான் பொறுப்பு, வேறு யாரும் இல்லை.

காலையில் கம்பளி காய்ந்திருந்தது. அந்த வீட்டில் ஒரு துணி காய்ந்து இருப்பதை ஜீவராஜ் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சுவர் தெரிந்தது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த நாட்காட்டி தனுஜா போன மாதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் போன தேதியைச் சுற்றி அவளே போட்ட சிவப்பு வட்டம்கூட இருந்தது. கட்டிலுக்கடியில், கதவிடுக்கில், கூரையில், எங்கேயும் பனி இல்லை. சட்டியைத் திறந்தால் தயிர் வெள்ளை வெளேரென்று, சாய்த்தாலும் சரியாமல், கெட்டியாக உறைந்திருந்தது. அதன் மேலிருந்து மிக மெல்லிய ஓர் ஆவி எழுந்து மறுபடியும் அதற்குள்ளேயே இறங்கியது. பனி எங்கே போயிற்று என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை.

தனுஜா காம்புகளை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தாள். ராணி அந்தக் கன்றைப் போட்ட விடியற்காலை நாக்கில் வந்தது: வைக்கோல் ஈரம், கன்றின் நடுக்கம், நீ இருந்திருந்தால் பேர் வைத்திருப்பாய் என்று அவன் பனியிடம் சொன்னது. இரண்டாவது கரண்டியில் மாமியாரின் சாவு இருந்தது. தப்படிக்கும் சத்தம், சேறு, பாடை தூக்கியவர்கள் வழுக்கி வழுக்கி ஏறியது, எந்தச் சீலையைக் கட்டுவதென்று தெரியாமல் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் நின்றது. அவன் சொன்ன ஒவ்வொன்றும் சொன்னபடியே அதில் இருந்தது. தகரம் மாற்றிய அன்றைக்கு அவன் தனியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இருந்தது. வாட்ஸ்அப்பில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகள் இருந்தன.

சட்டி பாதி இறங்கியதும் புளிப்பு ஏறியது. இவள் இனி வரமாட்டாள் என்று அவன் நம்பிய ஒரு மழைக்காலம் அதில் இருந்தது. அங்கே யாரோடோ இருக்கிறாள் என்று ஒருவன் கொளுத்திப் போட, அதை நம்பிப் பனியிடம் அவளைப் பற்றி வாய்கூசும் வார்த்தைகளைச் சொன்னது இருந்தது. அந்த மாதங்களில் அவள் போன் அடிக்க அடிக்க அவன் பார்த்துக்கொண்டே எடுக்காமல் இருந்தான். மழைக்கு மலையில் சிக்னல் போயிருக்கும் என்று அவள் அங்கே தன்னைத் தேற்றிக்கொண்ட மாதங்கள் அவை. கண்ணீர் வழிந்து தயிரில் விழுந்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, அவன் தலையில் சட்டியைக் கவிழ்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. யாரும் கேட்காத இடத்தில் சொல்லப்பட்டவற்றை இப்போது அவள் கேட்கிறாள். இதைச் சாப்பிடாமல் விட்டால் அந்த ஒன்பது வருடமும் பனிக்குச் சொந்தமாகவே இருந்துவிடும். ஜீவராஜ் எதிரில், ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் காத்திருப்பவனைப் போல, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் எந்த வருடத்தில் இருக்கிறாள் என்பது அவனுக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது.

அடியில் ஒரே ஒரு கரண்டி மிச்சம் இருந்தபோது அவன் கை நீண்டு சட்டியின் வாயை மூடியது.

"அது இருக்கட்டும் புள்ள. உறைக்கு வேணும்."

"அதுல என்னா இருக்கு?"

"உறைக்கு வேணும்னு சொல்றேன்ல."

தனுஜா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அடிச்சட்டியை வழிப்பவர் அந்த லயத்தில் இல்லைதான். அடுத்த சட்டிக்கு ஒரு கரண்டி விட வேண்டும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவன் கை சட்டியை மூடியது தயிருக்காக மட்டும் இல்லை. அவளும் மேடத்தின் சமையலறையில், கஜு அரைத்துக்கொண்டு, யாருக்கும் புரியாத தமிழில் அந்தச் சுவருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அவற்றில் அவனுக்குச் சொல்லக்கூடாத ஒன்றும் உண்டு. அந்தச் சுவர் எப்போதும் ஈரமாக இருந்ததும், மேடம் குழாய் உடைந்திருக்கிறதென்று ஆள் அழைத்துத் தோண்டியதும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவள் கரண்டியை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, சூட்கேசைத் திறந்து துணிமணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

அன்று பின்னேரம் அடுத்த சட்டிக்கு அரைக்கும்போது, பெய்ரூத்தில் முதல் நாள் லிப்டில் ஏறப் பயந்து எல்லா மாடியும் படியேறிப் போனதை அவளாகவே அவனுக்குச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவன் ஒன்று சொன்னான். றோலண்ட் பொங்கலன்று மறக்காமல் போன் செய்தார்.

"இல்லைங்க, வரல. தயிர் போட்டு வச்சிருக்கேன்" என்றாள் தனுஜா. தயிருக்கும் விசாவுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று அவர் கேட்டார். "ஒராள் சூட்டுல உறைய மாட்டேங்குதுங்க" என்றுவிட்டுப் போனை வைத்தாள்.

அதன் பிறகு மேல்கணக்கில் வேறு சில வீடுகளிலும் இப்படி ஓரத்தில் பனி படுத்திருப்பது தெரியவந்தது; வெட்கத்தில் யாரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். மீனம்மாவின் மகன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போனதிலிருந்து அவளுடைய அரிசிப் பீப்பாய் மேல் சின்னதாக ஒன்று குந்தியிருந்ததாம். தனுஜாவிடம் உறை வாங்கிப் போனார்கள். விளக்கு வைத்த பிறகு கேட்டால் மட்டும் அவள் கொடுப்பதில்லை. கஜு கிடைக்காதவர்கள் கச்சான் கடலையில் போட்டார்கள், தேங்காய்ப் பாலில் போட்டார்கள். எல்லாம் பச்சையாகத்தான், காய்ச்சுவது கிடையாது. துணை இல்லாத மீனம்மா தன் நாயை மறுபக்கம் படுக்கவைத்துக்கொள்கிறாள். அவள் தயிர் கொஞ்சம் நீர்த்துதான் இருக்கும், ஆனாலும் மகன் தீபாவளிக்கு வந்தபோது ஒரு சட்டியைத் தனியாகத் தின்றுவிட்டு வெகுநேரம் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். ராணிக்கு முதலில் கொஞ்சம் மனக்குறை இருந்தது, அம்மி கழுவிய தண்ணீரை அவளுக்கே வைப்பதாக ஏற்பாடானதும் சரியாகிவிட்டது. மாலையில் அந்த லயத்தைக் கடந்து போகிறவர்களுக்கு அம்மிச் சத்தமும், அதோடு சேர்ந்து இரண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பதும் கேட்கும். ஜீவராஜ் வீட்டில் உப்பு கசிவதில்லை, தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றுகிறது. அந்தக் கடைசிக் கரண்டியை இன்றுவரை யாரும் சாப்பிடவில்லை. அது சட்டியிலிருந்து சட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, தயிரும் நன்றாகவே உறைகிறது.